ஓசூர் டு ஜெர்மனி: ஞாயிறு கடை இல்லை, அவசரமும் இல்லை... படிக்கப் போற மாணவர்கள் ஏமாறுவது எங்கே?

ஒரு ஷிப்ட் முடிந்தால் அடுத்த ஷிப்ட். ஓசூர் சிப்காட்டில் கம்பெனி பஸ்கள் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஜுஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி டிராபிக், அதற்கப்புறம் பெங்களூரு நெரிசல். அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என ஆலைகளைச் சுற்றியே வளர்ந்த ஊர் இது. இங்கே இன்ஜினியரிங் முடித்துவிட்டு மேற்படிப்புக்கு ஜெர்மனி போகும் மாணவர்களுக்கு முதல் அதிர்ச்சியே அந்த ஊரின் நிதானம்தான்.

2023-24 குளிர்கால செமஸ்டரில் ஜெர்மனியில் படித்த இந்திய மாணவர்கள் 49 ஆயிரத்துக்கும் மேல். வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்கள்தான் அங்கே முதலிடம். அந்த நாட்டில் வாழ்க்கை ஏன் இவ்வளவு ‘ஸ்லோ’? அது மாணவர்களுக்கு லாபமா, ஆபத்தா? பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை கடை ஏன் மூடியிருக்கு?

ஞாயிறும் அரசு விடுமுறை நாட்களும் ஓய்வுக்கானவை என்பது ஜெர்மனியின் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. 1919-ம் ஆண்டு வைமார் அரசியல் சட்டத்தில் வந்த இந்தப் பிரிவு, இன்றைய சட்டத்திலும் தொடர்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய 4 ஞாயிறுகளிலும் கடை திறக்க பெர்லின் அனுமதித்தபோது, அது செல்லாது என 2009 டிசம்பரில் அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதனால சனிக்கிழமையே மளிகை, பால், காய்கறி வாங்கி வெச்சுடணும். ஞாயிறன்று ஹோட்டல்கள், பெட்ரோல் பங்க்குகள், பெரிய ரயில் நிலையக் கடைகள், சில மணி நேரம் பேக்கரிகள் மட்டுமே கைகொடுக்கும். இரவு 10 மணிக்கு மேல் சத்தம் போட்டாலும் பக்கத்து வீட்டிலிருந்து புகார் வரலாம்.

வேலை நேரத்துக்கும் கடிவாளம்

1994-ம் ஆண்டு வேலை நேரச் சட்டப்படி பொதுவாக ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை. 10 மணி நேரம் வரை நீட்டினால், பிறகு அதைக் குறைத்து சராசரியை 8-க்குக் கொண்டுவர வேண்டும். ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த நாள் வேலை தொடங்க 11 மணி நேர இடைவெளி வேண்டும்.

நம்ம ஊரிலும் இது சூடான விஷயம்தான். 12 மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் சட்டத்திருத்தம் 2023 ஏப்ரலில் தமிழக சட்டப்பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்ததால், மே 1-ம் தேதி அது வாபஸ் பெறப்படுவதாக முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். வாழ்க்கையின் வேகத்தை சட்டமும் தீர்மானிக்கிறது என்பதற்கு இது நமக்குத் தெரிந்த உதாரணம்.

சரி, படிப்பும் ஸ்லோவா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பல பாடங்களில் அட்டெண்டன்ஸ் கட்டாயம் இல்லை. இன்டர்னல் டெஸ்ட் தொல்லை குறைவு. வாரத்தில் சில நாள் வகுப்பே இருக்காது.

ஆனால் கணக்கு வேறு. ஒரு செமஸ்டருக்கு வழக்கமாக 30 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. மொத்தம் 750 முதல் 900 மணி நேரம். இதில் வகுப்பறை நேரம் ஒரு பங்குதான். மீதியை நூலகத்திலும் அறையிலும் மாணவரே படித்து முடிக்க வேண்டும். காலியாகத் தெரியும் நாட்கள் அதற்காகத்தான்.

அரியர் மனப்பான்மை அங்கே செல்லாது

‘அரியர் விழுந்தா அடுத்த செம்ல க்ளியர் பண்ணிக்கலாம்’ என்ற எண்ணத்தோடு போனால் சிக்கல். பல பல்கலைக்கழகங்களில் ஒரு தேர்வை 3 முறைதான் எழுத முடியும். கட்டாயப் பாடத்தில் கடைசி வாய்ப்பிலும் தோற்றால், அந்தப் படிப்பிலிருந்தே நீக்கப்படலாம். ஜெர்மனியின் வேறு பல்கலைக்கழகத்தில் அதே படிப்பைத் தொடர்வதும் பெரும்பாலும் முடியாது. தேர்வுக்குப் பதிவு செய்யும் கடைசித் தேதியைத் தவறவிட்டாலே ஒரு செமஸ்டர் தள்ளிப் போகும்.

தாமதத்தின் விலை என்ன?

* விசாவுக்கு வங்கிக் கணக்கில் காட்ட வேண்டிய தொகை, 2024 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 11,904 யூரோ. மாதம் 992 யூரோ. இந்தக் கணக்கில், ஒரு செமஸ்டர் நீண்டால் கூடுதல் செலவு 5,952 யூரோ.
* அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ.
* கல்விக் கடன் வாங்கியிருந்தால், தவணை தொடங்காத காலத்திலும் வட்டி ஏறும்.
* பகுதிநேர வேலைக்கு ஆண்டில் 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் என்ற வரம்பு உண்டு. வேலை செய்தே சமாளிக்கலாம் என்று நம்ப முடியாது.

போனதும் செய்ய வேண்டியது

1. வீடு கிடைத்து குடியேறிய 2 வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்யணும்.
2. அங்கே எல்லாத்துக்கும் அப்பாயின்ட்மென்ட்தான். விசா நீட்டிப்புக்கு பல மாதம் முன்பே தேதி கேளுங்க.
3. தேர்வுப் பதிவுத் தேதிகளை முதல் வாரமே போனில் அலாரமாகப் போட்டு வையுங்க.
4. ஞாயிறின் அமைதி முதல் குளிர்காலத்தில் தனிமையாக மாறலாம். மதியம் நாலரைக்கே இருட்டும் மாதங்கள் அவை. மனசு சரியில்லைன்னா, பல்கலைக்கழக மாணவர் சேவை மையங்களில் உளவியல் ஆலோசனை கிடைக்கும். தயங்காம போங்க.

பெற்றோர் கவனத்துக்கு: ‘இன்னைக்கு கிளாஸ் இல்லைப்பா’ என்று பிள்ளை சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. எத்தனை கிரெடிட் முடிந்தது என்று செமஸ்டருக்கு ஒருமுறை கேளுங்கள், அது போதும்.