குற்றாலத்துக் கோக்கோவும் தராவீஹுக்குப் பிந்திய கோப்பையும்



சென்ற ரமளானில் எட்டயபுரத்து உறவினர் இல்லத்தில் சில நாள்கள் தங்கியிருந்தோம். மாசிப் பனி இறங்கியிருந்த ஓர் இரவு, தராவீஹ் முடிந்து வீடு திரும்பியபோது, வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்திருந்த இளைஞர் ஒருவர் கூடத்தின் மூலையில் ஸ்லோ குக்கர் ஒன்றை வைத்து அதில் ஹாட் சாக்லேட் காய்ச்சிக்கொண்டிருந்தார். இஷாவுக்குப் புறப்படுமுன் பாலையும் கோக்கோத் தூளையும் அதில் கலந்து வைத்துவிட்டே தொழுகைக்கு வந்திருக்கிறார். குழந்தைகள் தம்ளர்களோடு சுற்றி நின்றனர். திண்ணையிலிருந்த பெரியவர் எட்டிப் பார்த்து, "தம்பி, நோன்புக் கஞ்சி காய்ச்சுற வீட்டுல இது என்ன புதுப் பழக்கம்? வெள்ளைக்காரன் குடிக்கிறது நமக்கு எதுக்கு?" என்றார். "சும்மா பால்தான் மாமா" என்று சொல்லிவிட்டு இளைஞர் தலைகுனிந்து நின்றார். அதற்கு மேல் அவரால் பதில் சொல்ல இயலவில்லை, நம்மாலும் இயலவில்லை.

அந்தக் கேள்வி நம் மனத்தைவிட்டு அகலவில்லை. ரமளான் இரவில் பிள்ளைகள் மகிழ்ந்து பருகும் ஒன்றை அந்நியமானது என்று ஒதுக்குவதாயின், அது எங்கிருந்து, எவ்வழியாக வந்தது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும் அல்லவா? தேடிப் பார்த்தபோது கிடைத்த விடை எட்டயபுரத்துக்கு மிக அருகிலேயே இருந்தது.

கோக்கோ மரத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோவிலும் அதன் தெற்கிலும் வாழ்ந்த மாயர், அஸ்டெக் மக்கள் அதன் கொட்டையை வறுத்து அரைத்து, மிளகாய் முதலியவற்றைச் சேர்த்து, நுரை பொங்க ஆற்றிப் பருகினர். அதில் சர்க்கரை இல்லை. ஸ்பானியர் வந்த பின்னரே சர்க்கரை சேர்ந்தது. ஸ்பெயினின் கிறித்தவ அறிஞர்களிடையே, நோன்பு நாளில் சாக்லேட் பருகினால் நோன்பு முறியுமா என்று நெடுங்காலம் விவாதம் நடந்தது. நீர்மமாய் இருப்பது நோன்பை முறிக்காது என்று பதினேழாம் நூற்றாண்டில் ஒரு கர்தினாலே எழுதினார். ஒரு மிடறு தண்ணீருக்கும் மஃக்ரிப் வரை காத்திருக்கும் நமக்கு அந்த விவாதம் வியப்பாகத்தான் இருக்கும்.

அதே நூற்றாண்டில் ஸ்பானியக் கப்பல்கள் கோக்கோச் செடியைப் பசிபிக் பெருங்கடல் வழியே பிலிப்பைன்ஸ் தீவுகளுக்குக் கொண்டுசேர்த்தன. அங்கிருந்து அது தெற்கே மலுக்கு முதலிய வாசனைத் தீவுகளுக்குப் பரவியது. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் வாழ்ந்த காலமும் அதுவே. அவர் 1642இல் பிறந்து 1703இல் மறைந்தார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. எட்டயபுரம் அரண்மனைப் புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் அவர் தமிழ் பயின்றார். அந்த ஊரிலேயே அடக்கமும் ஆனார். அவர் பதினாறு வயதுப் பிள்ளையாக இருந்த 1658ஆம் ஆண்டில்தான் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றினர். மலுக்குத் தீவுகளின் ஜாதிக்காயையும் கிராம்பையும் தம் கைப்பிடியில் வைத்திருந்தவர்களும் அதே டச்சுக்காரர்களே.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் ஐரோப்பியப் போர் ஒன்றின் விளைவாக, 1796இல் ஆங்கிலேயர் மலுக்குத் தீவுகளில் ஒன்றான அம்போய்னாவை டச்சுக்காரரிடமிருந்து பறித்தனர். டச்சுக்காரர் பொத்திக் காத்த வாசனைப் பயிர்களைத் தம் ஆளுகைக்குட்பட்ட மண்ணில் வளர்த்துவிட வேண்டும் என்பது கிழக்கிந்தியக் கம்பெனியின் நெடுநாள் ஆசை. அதற்கு ஏற்ற ஈரமும் நிழலும் உள்ள இடமாகத் திருநெல்வேலிச் சீமையில் அவர்கள் கண்டது குற்றாலம். அங்கு ஜாதிக்காய், கிராம்புத் தோட்டங்கள் எழுந்தன. அம்போய்னாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கோக்கோவும் 1798இல் அங்கே நடப்பட்டது. இந்திய மண்ணில் கோக்கோ முதன்முதலாக வேர்பிடித்த இடமாகப் பயிர் நூல்கள் குறிப்பது குற்றாலத்தையே.

எட்டயபுரத்திலிருந்து கோவில்பட்டி, சங்கரன்கோவில், தென்காசி வழியாகச் சில மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும் ஊர் அது. சாரல் காலத்தில் நம் குடும்பங்கள் அருவியில் நீராடப் போகும் அதே குற்றாலம்.

அந்த 1798ஆம் ஆண்டு வேறொன்றுக்காகவும் நினைவுகூரத் தக்கது. அவ்வாண்டு செப்டம்பரில் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனைச் சந்திக்கச் சென்ற கட்டபொம்மன் மோதலோடு வெளியேறினார். அடுத்த ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். எட்டயபுரம் பாளையம் அப்போது கம்பெனியின் பக்கம் நின்றது. அந்தப் பழி இன்றுவரை ஊரின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருப்பதை அவ்வூரார் மனவருத்தத்தோடுதான் சொல்வார்கள். இச்சீமையில் ஒரு புறம் தூக்குமரம் நட்ட கம்பெனி, மறுபுறம் கோக்கோ மரம் நட்டிருக்கிறது. ஆகவே பெரியவரின் கேள்வியில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்பது உண்மைதான். ஆனால் நேற்று வந்ததன்று. நம் பாட்டனாரின் பாட்டனார் காலத்திலேயே வந்துவிட்டது.

வந்தும் அது கரிசல் நிலத்துக்கு இறங்கவில்லை. கோக்கோவுக்கு ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டருக்குக் குறையாத மழையோ அதற்கு ஈடான பாசனமோ வேண்டும். தென்னை அல்லது பாக்கு மரத்தின் நிழலும் வேண்டும். கோவில்பட்டி, எட்டயபுரம் பக்கம் பெய்வது 700 மில்லிமீட்டர் அளவுதான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையோடு முடிந்துவிடும். பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் விளையும் பூமி அது. அதன் சூடான பானம் சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் சேர்ந்ததாகவே இருந்தது. குற்றாலத்துக் கோக்கோவும் தோட்டத்துக் காட்சிப்பொருளாகவே நின்றுவிட்டது. 1960களின் நடுவில் கேரளத்தில் கேட்பரி நிறுவனம் முயன்ற பிறகே இந்தியாவில் அது வணிகப் பயிராயிற்று. இன்று ஆந்திரத்தின் தென்னந்தோப்புகளிலும் நம் பொள்ளாச்சியிலும் ஊடுபயிராக விளைகிறது.

புதிய பானத்தைக் கண்டு ஐயுறுவது நம் சமுதாயத்துக்குப் புதிதும் அன்று. காப்பியை எடுத்துக்கொள்வோம். யமன் நாட்டு சூஃபிகள் இரவு திக்ரில் உறக்கம் வராதிருக்கப் பருகிய பானம் அது. அது மக்காவுக்கு வந்தபோது, 1511இல் அங்கு அதிகாரியாயிருந்த காயிர் பேக், அறிஞர் சிலரைக் கூட்டி அதற்குத் தடை விதித்தார். கெய்ரோவின் சுல்தான் அத்தடையை நீடிக்கவிடவில்லை. இன்று அரபு நாடுகளில் விருந்தினருக்கு முதலில் நீட்டப்படுவது காப்பியே. விலக்கப்பட்டதற்கான சான்று இல்லாதவரை உணவுப் பொருள் ஆகுமானதே என்பது நம் ஃபிக்ஹு அறிஞர்கள் வகுத்த பொதுவிதி. கோக்கோவிலும் பாலிலும் தடுக்கப்பட்டது ஒன்றும் இல்லை. கவனம் வேண்டியது மேலே மிதக்கவிடும் மார்ஷ்மெல்லோ மிட்டாயில்தான். வெளிநாட்டிலிருந்து வரும் பலவற்றில் பன்றித் தோலிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கும். பொட்டலத்தைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும், ஐயமிருப்பின் விட்டுவிடலாம்.

இனி அந்த ஸ்லோ குக்கர். இதன் வரலாறு நம்மை இன்னும் வியக்கவைத்தது. இதை உருவாக்கியவர் இர்விங் நாக்சன் என்னும் அமெரிக்க யூதர். லிதுவேனியாவில் வாழ்ந்த முன்னோர் வெள்ளிக்கிழமை பொழுது சாயுமுன் பயறும் இறைச்சியும் இட்ட பானையை ரொட்டிக் கடைக்காரரின் அடுப்பில் வைத்துவிட்டு வருவார்களாம். சனிக்கிழமை நெருப்பு மூட்டுவது அவர்களுக்கு விலக்கு. அணையும் அடுப்பின் சூட்டிலேயே இரவு முழுதும் அது வெந்துகொண்டிருக்கும். தாய் சொன்ன இந்தக் கதையே தம் கருவிக்குத் தூண்டுதல் என்றார் நாக்சன். 1940இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. பின்னர் அதை வாங்கிய நிறுவனம் 1971இல் கிராக்பாட் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. நவநாகரிகம் என்று நாம் எண்ணிய கருவி, ஒரு வேதக்கார மக்கள் தம் மார்க்கச் சட்டத்தைப் பேணியதிலிருந்து பிறந்திருக்கிறது!

நம்மிடமும் அது இல்லாமல் இல்லை. கோதுமையும் இறைச்சியும் சேர்ந்த ஹரீஸாவைத் தந்தூர் அடுப்பில் இரவெல்லாம் வைத்து எடுக்கும் முறையைப் பத்தாம் நூற்றாண்டுப் பக்தாதின் சமையல் நூலே விவரிக்கிறது. அவ்வளவு தொலைவு போவானேன்? லுஹர் தொழுகையையொட்டிப் பள்ளிவாசலின் பின்புறம் அடுப்பேறும் நோன்புக் கஞ்சி அண்டாவைப் பாருங்கள். அரிசி குழைந்ததும் விறகை வெளியே இழுத்துவிட்டு, கங்கின் சூட்டில் அஸர் வரை அதை விட்டுவைப்பார்கள். அடிப்பிடிக்காமல் துடுப்பால் கிண்டிக்கொண்டேயிருக்க ஒருவர் நிற்பார். வெந்தயமும் பூண்டும் தேங்காய்ப்பாலும் ஒன்றாகிச் சேர்வது அந்தக் கங்கில்தான். அந்த வேலையைத்தான் மின்சாரத்தில் செய்கிறது இக்கருவி.

கோக்கோவுக்கு இந்த மெல்லிய சூடு பொருந்துவதற்கு வேறு காரணமும் உண்டு. கோக்கோக் கொட்டையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. 1828இல் ஹாலந்தின் வான் ஹௌட்டன் குடும்பம் கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகே நாம் இன்று வாங்கும் தூள் பிறந்தது. அந்தத் தூள் பாலில் கரைவதில்லை. நுண்துகளாய் மிதந்து மெல்ல ஊறுகிறது. தீயைக் கூட்டினால் பால் பொங்கும், அடியில் பிடிக்கும், தூள் கட்டிதட்டும். பொறுத்திருந்தால் கசப்பு அடங்கி மணம் விரியும்.

மறுநாள் இரவு பெரியவரிடம் குற்றாலத்துச் செய்தியைச் சொன்னோம். "நம்ம குத்தாலத்துலயா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு, சீனி வேண்டாம், உடன்குடிக் கருப்பட்டி போட்டால் குடிப்பேன் என்றார். அவருக்காகச் செய்த அளவையே இங்கே தருகிறோம்.

இரண்டு லிட்டர் பாலுக்கு எட்டு மேசைக்கரண்டி கோக்கோத் தூள். தூளை முதலில் சிறிது வெதுவெதுப்பான பாலில் குழைத்து, மீதிப் பாலோடு சேர்த்து, ஒரு சிறு துண்டு சுக்கைத் தட்டிப் போட்டு, குறைந்த சூட்டில் இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். இஷாவுக்குப் புறப்படும்போது வைத்தால் தராவீஹ் முடிந்து வரும்போது சரியாயிருக்கும். வீட்டிலிருப்பவர் இடையில் இரண்டு முறை கிளறிவிட வேண்டும். கால் கிலோ கருப்பட்டியைத் தனியே நீரில் காய்ச்சி, மண் போக வடிகட்டி ஆறவிட்டு, குக்கரை அணைத்த பிறகே சேர்க்க வேண்டும். கொதிக்கும் பாலில் கருப்பட்டியை இட்டால் திரிந்துவிடும். முதல் நாள் நாம் அந்தத் தவற்றைச் செய்து ஒரு லிட்டர் பாலை வீணாக்கினோம். மிஞ்சியதை ஸஹர் வரை வெதுவெதுப்பிலேயே விட்டுவிடாமல், ஆறவைத்துக் குளிர்பெட்டியில் எடுத்து வைத்துவிடுங்கள். இந்த அளவு பதினைந்து தம்ளர்களுக்கு வரும். அடுத்த வீட்டுக்கும் இரண்டு தம்ளர் கொடுத்தனுப்பலாம்.