இழுக்கும் பலமும் தாங்கும் பலமும்



கோடை வந்தால் நம்மவர் வீடுகளிலும் இப்போது காம்பர் பேச்சு அடிபடுகிறது. சென்ற வருடம் என் தம்பி டீசல் பிக்கப் ஒன்று பார்க்கப் போனபோது, கணக்காளன் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனான். வாகனம் 'முக்கால் தொன்' வகை. 15,000 இறாத்தல் இழுக்கும் என்றது விளம்பரம். அவன் பார்த்து வைத்திருந்த காம்பரோ பொருட்களோடு 10,000 இறாத்தல்தான்.

"அண்ணை, இதிலை யோசிக்க என்ன கிடக்கு?" என்றான். அதற்கு விடை தேடப்போய்த்தான் இந்த வரலாறு என் கையில் சிக்கியது.

போர்ட் நிறுவனம் 1917இல் 'மொடல் ரிரி' என்ற ஒரு தொன் பார வண்டியின் அடிச்சட்டத்தை 600 டொலருக்கு விற்றது. பெட்டியை வாங்கியவரே செய்து பூட்ட வேண்டும். 1925இல் தொழிற்சாலையிலேயே பெட்டி பூட்டிய 'மொடல் ரி' பிக்கப் 281 டொலருக்கு வந்தது. அரைத் தொன், முக்கால் தொன், ஒரு தொன் என்ற பெயர்கள் அக்காலத்தில் வண்டி சுமக்கும் பாரத்தையே குறித்தன. 1953இல் எஃப்-100, எஃப்-250, எஃப்-350 என்ற இலக்கங்கள் வந்தன. வாகனங்கள் பலமடங்கு பலம் பெற்றுவிட்டன. பழைய தொன் பெயர் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மறுபக்கத்தில், வாலி பையம் 1931இல் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தைத் தொடங்கினார். விமான முன்னோடி கிளென் கேர்ட்டிஸ் அதற்கும் முன்பே, வண்டியின் பின்பக்கத்தில் பாரத்தை ஏற்றி இழுக்கும் 'ஐந்தாம் சில்லு' முறையில் பயண வீடுகளைச் செய்தார். 1960களில் காம்பர் மோகம் பெருகியபோது, அதற்கென்றே பலப்படுத்திய பிக்கப்புகள் விற்பனைக்கு வந்தன. 1973இல் செவ்ரலே, பின்னால் நான்கு சில்லுகள் கொண்ட ஒரு தொன் பிக்கப்பை வெளியிட்டது.

பெரிய திருப்பம் 1989இல். டொட்ஜ் நிறுவனம் கமின்ஸின் 5.9 லீற்றர் டீசல் இயந்திரத்தைத் தன் பிக்கப்பில் பூட்டியது. அதன் முறுக்குவிசை 400 இறாத்தல்-அடி. அன்று தொடங்கிய போட்டியில், 2023ஆம் ஆண்டு மாடல் போர்ட் ஒன்று 1,200ஐத் தொட்டது. முப்பத்து நான்கு வருடங்களில் மூன்று மடங்கு!

இந்தப் போட்டியில் ஒரு கோளாறு இருந்தது. இழுவை அளவை ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்த முறையில் கணித்தது. தன் ஐந்தொகையைத் தானே எழுதித் தானே கணக்காய்வு செய்வது போல. 2008இல் எஸ்ஏஇ என்ற பொறியியலாளர் அமைப்பு 'ஜே2807' எனும் பொது விதியை வெளியிட்டது. அரிசோனாவில் டேவிஸ் அணையருகே உள்ள நீண்ட ஏற்றத்தை அளவாக வைத்து, குளிரூட்டியை முழுதாகப் போட்டபடி, குறித்த வேகத்துக்குக் கீழே போகாமல் பாரத்தை இழுத்து ஏற வேண்டும். 2011 மாடல்களிலேயே டொயோட்டா இதை ஏற்றது. டெட்ரொயிட்டின் மூன்று நிறுவனங்களும் 2015 மாடல்களிலிருந்தே படிப்படியாக வந்தன.

ஆனால் அந்த விதியிலும் வாகனத்தில் இருப்போர் இருவர்தான். ஆளுக்கு 150 இறாத்தல். நம் வீட்டில் இருவரா பயணம் போகிறோம்?

ஆகவே ஓட்டுநர் கதவைத் திறந்து, அங்கே ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். ஆட்களும் பொருட்களும் சேர்ந்து 2,100 இறாத்தலுக்கு மேற்படக் கூடாது. விற்பனையாளர் இதைப்பற்றி மூச்சும் விடவில்லை. ஐந்தாம் சில்லுக் காம்பரின் நிறையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பிக்கப்பின் மேலேயே இறங்கும். அது 2,000. கொழுவி 150. தம்பி குடும்பம் ஐந்து பேர் 750. மொத்தம் 2,900. சமையல் சாமான் ஏற்ற முன்னமே 800 இறாத்தல் பற்றாக்குறை! டீசல் இயந்திரத்தின் சொந்த நிறையும் சுமக்கும் அளவைத் தின்றுவிடுகிறது என்பது அப்போதுதான் விளங்கியது.

இழுக்க முடியும், தாங்க முடியாது. அந்தப் பற்றாக்குறையை ரயரும் அச்சும் வில்தகடும் செலுத்த வேண்டி வரும். மலை இறக்கத்தில் பின்னிருக்கையில் பிள்ளைகள் இருக்கும்போது அது செலுத்தப்படும்.

தம்பி அன்று கையெழுத்து வைக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு தொன் வகையில், சீட்டில் 3,500க்கு மேல் போட்டிருந்த ஒன்றை வாங்கினான்.

நேயர்களே, விளம்பரத்தில் உள்ளது வருமானம்; கதவுச் சீட்டில் உள்ளதுதான் கையிருப்பு. முதலில் காம்பரைத் தீர்மானியுங்கள், பிறகு ஆட்களைக் கூட்டுங்கள், கடைசியாக வாகனத்தைத் தேடுங்கள். புறப்பட முன், எல்லாம் ஏற்றிய பிறகு, பார ஊர்தி நிறுக்கும் தராசில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள்.