பாதியில் நின்ற பிளவின் எண்ணெய்

நாகப்பட்டினம் மாவட்டத்து நரிமணத்தில் 1985இல் கச்சா எண்ணெய் கிடைத்தது. அது அந்த ஊரில் பிறந்த எண்ணெய் அல்ல, வந்து தங்கிய எண்ணெய். காவிரிப் படுகையில் இதுவரை கிடைத்த எண்ணெயில் பெரும்பகுதிக்கு ஆண்டிமடம், சாத்தப்பாடி என்ற இரண்டு பாறை அடுக்குகளின் களிப்பாறைகளையே பிறப்பிடமாகச் சொல்கிறார்கள். இரண்டுமே டெல்டாவின் அடியில் வெகு ஆழத்தில் கிடக்கின்றன. வயது ஏறத்தாழ 10 கோடி ஆண்டும் அதற்கு மேலும்.

அந்த எண்ணெய்த் துளிக்கு ஊர் உண்டாவதற்கு முன்பே அதற்கான பள்ளம் உண்டாக வேண்டியிருந்தது. 15 கோடி ஆண்டுகளுக்கு முன் கிழக்கே வங்கக் கடல் இல்லை. இலங்கை ஒட்டிக்கொண்டிருந்தது, அதற்கு அப்பால் அன்டார்க்டிகா. மூன்றும் ஒரே நிலம். கோண்டுவானா என்ற பெருங்கண்டத்தின் கிழக்குத் துண்டு. தென்தமிழ்நாட்டிலும் இலங்கையின் மலையகத்திலும் அன்டார்க்டிகாவின் ஒரு கரையிலும் சார்னோகைட் என்ற ஒரே வகைக் கரும்பாறை, ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரே காலத்தில் வெந்த தடயத்தோடு கிடப்பது அந்தப் பழைய உறவால்தான்.

பிறகு இந்த நிலம் இழுபட ஆரம்பித்தது. கண்டம் உடைவது என்றதும் தட்டு கீழே விழுந்து உடைவதைப்போல ஒரு நொடிக் காட்சி மனத்தில் வருகிறது. நடப்பது வேறு. பரோட்டா மாவை இரு கையாலும் இழுத்தால் நடுப்பகுதி மெலிவதுபோல, 35, 40 கிலோமீட்டர் தடித்த மேலோடு கோடிக்கணக்கான ஆண்டுகள் இழுபட்டு மெலிகிறது. ஆழத்தில் வெப்பம் மிகுந்த பாறை நெகிழ்ந்து கொடுக்கிறது. மேலே குளிர்ந்த பாறைக்கு அந்த நெகிழ்வு இல்லை, சாய்வான பிளவுகளாக வெடிக்கிறது. பிளவுகளுக்கு இடையில் உள்ள துண்டுகளில் சில சரிந்து இறங்கிப் பள்ளமாகின்றன. சில இறங்காமல் திட்டாக நிற்கின்றன.

இந்தப் பள்ளங்களும் திட்டுகளும் தமிழ்நாட்டின் கீழ் வடகிழக்கு–தென்மேற்காக வரிசையாக உள்ளன. அரியலூர்–புதுச்சேரிப் பள்ளம், அடுத்து கும்பகோணம் திட்டு. தரங்கம்பாடி, தஞ்சாவூர், நாகப்பட்டினம் பள்ளங்கள். பட்டுக்கோட்டையிலிருந்து மன்னார்குடி வழியாக வேதாரண்யம் பக்கம் போகும் திட்டு. பாக் விரிகுடாப் பள்ளம். மண்டபத்திலிருந்து யாழ்ப்பாணத்து நெடுந்தீவு வரை இன்னொரு திட்டு. ஆழமான பள்ளங்களில் அடிப்பாறையைத் தொட 5, 6 கிலோமீட்டர் இறங்க வேண்டும். மேலே வயல் மட்டும்தான் தெரிகிறது. கும்பகோணத்திலிருந்து நாகைக்குப் போகிற பேருந்து எத்தனை மலைமுகட்டைக் கடக்கிறது என்று ஓட்டுநருக்குத் தெரிய வழியில்லை.

சரிந்த பள்ளங்களில் ஆறுகள் இறங்கின, ஏரிகள் தேங்கின. திட்டுகளிலிருந்து உருண்டு வந்த கல்லும் மணலும் ஓரங்களில் குவிய, நடுவில் நுண்ணிய சேறு படிந்தது. அந்தச் சேற்றில்தான் நம் துளியின் பிறப்பு. பாசியும் நுண்ணுயிர்களும் கரையிலிருந்து அடித்துவரப்பட்ட இலைகளும் அடிநீரில் ஆக்சிஜன் இல்லாததால் முழுக்க மட்காமல் புதைந்தன. அந்தக் காலத்துச் செடிகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஆழ்துளை போட வேண்டியதில்லை. படுகையின் மேற்கு ஓரம் தரைக்கு மேல் தலைகாட்டும் பெரம்பலூர்ப் பக்கத்தில், தெரணியின் களிமண் குழிகளில் அவை இலைத்தடமாகவே கிடைக்கின்றன.

இங்கேதான் கதையின் திருப்பம். ஏறக்குறைய 13 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டம் கடைசியில் அறுந்தது. ஆனால் இலங்கைக்கும் நமக்கும் நடுவில் அல்ல, இலங்கைக்கு அந்தப் பக்கம். அன்டார்க்டிகா விலகிப்போன இடைவெளியில் புதிய கடல்தரை பிறந்தது. இந்தப் பக்கத்துப் பிளவு இழுபட்டு, மெலிந்து, பாதியில் நின்றுவிட்டது. பாக் விரிகுடா பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லாமல் இருப்பதற்கும், தெற்கே மன்னார் வளைகுடா சட்டென்று ஆயிரம் மீட்டருக்கு மேல் ஆழமாவதற்கும் இந்த அரைகுறை முயற்சியில்தான் காரணம் தேட வேண்டும். தெற்கே இழுப்பு அதிகம், வடக்கே குறைவு.

பாடப் புத்தகங்கள் முழுதாக அறுந்த பிளவுகளையே கொண்டாடுகின்றன. அறுந்தால்தான் கடல் பிறக்கும், வரைபடம் மாறும் என்பது சரிதான். எண்ணெயின் பக்கம் நின்று பார்த்தால் எனக்கு நின்றுபோன பிளவுகள்மேல்தான் மதிப்பு அதிகம். முழுதாக அறுந்திருந்தால் தஞ்சைப் பள்ளத்தின் ஒரு கரை இன்று இலங்கையோடு எங்கோ போயிருக்கும். நின்றுபோனதால் ஏரிச் சேறு, அதற்கு மேல் கடற்சேறு, அதற்கு மேல் ஆற்றுமணல் என்று எல்லாம் ஒரே குழிக்குள் அடுக்கடுக்காக வந்து சேர்ந்தன.

இழுப்பு நின்றது, இறங்குவது நிற்கவில்லை. மேலோடு மெலிந்த இடத்தில் கீழிருந்து சூடான பாறை மேலேறி நெருங்கியிருந்தது. அது மெல்ல மெல்லக் குளிர்ந்தபோது அடர்த்தி கூடி, நிலமும் கூடவே தாழ்ந்தது. பிளவுகள் சட்டென்று சரிவது ஒரு கட்டம், வெப்பம் தணிந்து கோடிக்கணக்கான ஆண்டுகள் தாழ்வது இன்னொரு கட்டம் என்று இதைக் கணக்காக எழுதிக் காட்டியவர் டான் மெக்கென்சி. ஆண்டு 1978. இரண்டாவது கட்டம் முதலில் வேகமாக இருந்து வரவரத் தேயும். தாழ்ந்த இடத்தில் சேறு வந்து விழ, சேற்றின் எடையே இன்னும் கொஞ்சம் தாழ்த்தும். எரிமலையோ பெரிய நடுக்கமோ இல்லாமல் ஒரு கடற்கரை இப்படி வளர்ந்துகொண்டே போவதைத்தான் நிலவியலில் அமைதி விளிம்பு என்கிறார்கள்.

தாழ்ந்த நிலத்துக்குள் கடல் புகுந்தது. சாத்தப்பாடிக் களிப்பாறை அந்தக் கடலின் சேறு. பெரம்பலூர்ப் பக்கத்துக் காரையின் பொட்டல் மேடுகளில் கிடக்கும் குச்சி போன்ற பெலம்னைட்டுகளும், சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் 18 மீட்டர் மரமும் அந்தக் கடலில் அமிழ்ந்தவைதாம். கப்பல் கட்டும் ஊர்களைவிட அரியலூரில்தான் கடலின் அடையாளம் அதிகம் என்று தோன்றும். அங்குள்ள சிமெண்ட் ஆலைகள் அரைப்பதும் அந்தப் பழங்கடலின் சுண்ணாம்பைத்தான். 1862இல் நிலவியலாளர் பிளான்ஃபோர்டு இந்தப் பாறைகளை அளந்து எழுதியபோது அடியில் எண்ணெய் இருப்பது அவர் கணக்கிலேயே இல்லை.

நம் துளி இதற்குள் கிலோமீட்டர் கணக்கில் புதைந்துவிட்டது. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வெப்பம் ஏறத்தாழ 30 பாகை கூடும். 60 பாகையைத் தாண்டியதும் புதைந்த உயிர்ப்பொருளின் நீண்ட சங்கிலிகள் அறுந்து எண்ணெயாகத் தொடங்கும், 120 பாகைக்கு மேல் போனால் வாயுவாகிவிடும். அந்த இடைவெளிக்குள் இருக்கும் வரையில்தான் திரவம். எண்ணெயானதும் அது பெருத்து, களிப்பாறையின் மயிரிழை வெடிப்புகள் வழியே வெளியே கசிந்தது. தண்ணீரைவிட லேசானது என்பதால் மணற்கல்லின் துளைகளிலும் பழைய பிளவுகளின் ஓரமாகவும் மேல்நோக்கி ஊர்ந்தது. முன்னர் பள்ளம் தோண்டிய அதே பிளவுகள் இப்போது பாதையாகின. எண்ணெய் புக முடியாத களிப்பாறை கூரையாகக் குறுக்கே வந்த இடத்தில் நின்றது. கூரை இல்லாத இடத்தில் நிலத்துக்கு மேலே வந்து வீணானது எவ்வளவோ.

ஊர்ந்தவற்றில் சில பக்கவாட்டில் திட்டுகளுக்கும் போய்ச் சேர்ந்தன. உயிரே அரிதாக இருந்த காலத்துப் பழம்பாறையின் வெடிப்புகளில் வாயு நிறைந்திருப்பதைப் புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் பிஒய்-1 வயலில் கண்டார்கள். வீட்டைவிட வாயு பல கோடி ஆண்டு இளையது. கருங்கல்லில் எண்ணெயோ வாயுவோ என்றால் யாரும் முதலில் நம்பமாட்டார்கள். இந்தப் படுகையில் எண்ணெயும் வாயுவும் அடிப்பாறையில் தொடங்கி ஒலிகோசீன் காலத்து மணல் வரை ஏறக்குறைய எல்லா மாடியிலும் குடியிருக்கின்றன.

காவிரி இந்தக் கதைக்குள் மிகவும் பின்னால் வருகிறது. மேற்கே மலை உயர, நிலம் கிழக்கே சாய்ந்திருக்க, ஆறு வந்து சேர்ந்தது ஏற்கெனவே தாழ்ந்து கிடந்த குழிக்கு. வண்டலை வாங்கிக்கொள்ளக் குழி இருந்ததால்தான் டெல்டா. நெல்லுக்கு மண்ணைக் கொடுத்ததும் எண்ணெயை வேகவைத்ததும் அந்த ஒரே இறக்கம். மேலே இருப்பவர்களுக்கும் கீழே இருப்பதைக் கேட்பவர்களுக்கும் இன்று நடக்கும் வழக்கு தற்செயலாக ஒரே இடத்தில் வந்ததல்ல.

எண்ணெய் தேடியவர்கள் 1950களின் பிற்பகுதியில் நிலத்தை அளக்க வந்தார்கள், 1960களில் ஆழ்துளை போட்டார்கள். கிணறு போட்ட ஊர்களின் பெயரையே அடுக்குகளுக்கும் சூட்டினார்கள்: புவனகிரி, குடவாசல், நன்னிலம், கமலாபுரம், திருப்பூண்டி, நிரவி. நல்ல முறை இது. லண்டனில் உட்கார்ந்து நன்னிலம் அடுக்கைப் பற்றி எழுதுகிறவர் அந்த ஊரைப் பார்த்திருக்கமாட்டார், பெயரையாவது எழுதியே ஆக வேண்டும். பனங்குடியில் 1993இல் சுத்திகரிப்பு ஆலை வந்தது, ஆண்டுக்கு 5 லட்சம் டன். அதில் டீசலான துளி திரும்பவும் டெல்டாவின் பம்புசெட்டில் எரிந்திருக்கவும் கூடும்.

2017இல் எண்ணெய், வாயு எடுப்பதை எதிர்த்து நெடுவாசலில் மக்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். 2020 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களையும் கடலூர், புதுக்கோட்டையின் சில ஒன்றியங்களையும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கிச் சட்டம் இயற்றியது. அங்கே புதிதாக எண்ணெய், வாயு தேட முடியாது, பழைய கிணறுகள் ஓடலாம். சட்டத்துக்கு உள்ள எல்லை கடற்கரை. பிளவுக்கு அப்படி எல்லை இல்லை. காவிரிப் படுகையில் நிலத்தில் உள்ள பகுதி 25,000 சதுர கிலோமீட்டர்தான். ஆழம் குறைந்த கடலில் 30,000, ஆழ்கடலில் 95,000. மன்னாரில் இலங்கைப் பக்கம் 2011இல் இரண்டு கிணறுகளில் வாயு கண்டார்கள். தேடுகிறவர்களின் வரைபடங்கள் இப்போது அந்தத் திசைக்கு நகர்ந்திருக்கின்றன. மேலே அங்கேயும் மீன் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.