மடைப்பள்ளியில் மிளகும் முந்திரியும்

சென்ற மார்கழி 27ஆம் நாள், கூடாரவல்லித் திருவாராதனம் முடிந்து கோஷ்டியில் அக்காரவடிசில் விநியோகமாயிற்று. அன்று காலை உபந்யாஸத்தில் அடியேன், 'பெருமாள் தளிகையில் மிளகாய் சேர்ப்பதில்லை. அது அந்நிய தேசத்துப் பொருளாயிருப்பதே காரணம்' என்று சொல்லியிருந்தேன். பல்லாண்டுகளாகச் சொல்லிவந்த வார்த்தை அது. பிரஸாதத்தை வாங்கிக்கொண்ட பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருவன், நெய்யில் வறுத்து அதன்மேல் இட்டிருந்த முந்திரிப் பருப்பைக் காட்டி, 'தாத்தா, இது எந்த ஊர்ப் பொருள்?' என்று கேட்டான். அந்த இடத்தில் அடியேனுக்கு விடை தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து நூல்களைப் புரட்டியபோது, சொல்லிவந்த காரணமே பிழை என்பது விளங்கிற்று. அப்பிழையைத் திருத்திக்கொள்வதற்காகவே இக்கட்டுரை.

முதலில் மிளகைப் பார்ப்போம். மலைநாட்டில் தானே விளையும் கொடி இது. சங்கநூல்களில் 'கறி' என்ற சொல்லே மிளகையும் மிளகுக்கொடியையும் குறித்தது. யவனர்களின் மரக்கலங்கள் பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு மீண்ட செய்தியை அகநானூற்றின் 149ஆம் பாட்டு தெரிவிக்கிறது. பிற்காலத்தில் 'கறி' என்பது காய்கறிக்கும், அவற்றைப் பக்குவம் செய்த உணவுக்கும் பெயராயிற்று. இன்று உலகம் முழுவதும் நம் நாட்டுக் குழம்பு வகைகளுக்கு வழங்கும் பொதுப்பெயரும் இச்சொல்லின் வழி வந்ததே. வடமொழியில் மிளகுக்கு 'மரீசம்' என்றும், திப்பிலிக்கு 'பிப்பலீ' என்றும் பெயர். கிரேக்கரும் ரோமரும் பிப்பலீ என்ற பெயரை மிளகுக்கும் சேர்த்து வழங்கினர். ஆகவே ஆங்கிலேயர் மிளகுக்கு இன்று வழங்கும் 'பெப்பர்' என்ற சொல், உண்மையில் திப்பிலியின் பெயர். ஒரு பொருளின் பெயர் மற்றொன்றின்மேல் ஏறுவது உணவின் வரலாற்றில் புதிதன்று என்பதற்கு இது முதல் உதாஹரணம்.

சோழர் காலத்துக் கல்வெட்டுகள் கோயில் திருவமுதுபடிக்கு வேண்டியவற்றை அளவோடு பட்டியலிடுகின்றன. கறியமுது, நெய்யமுது, பருப்பமுது, தயிரமுது, அடைக்காயமுது என்று ஒவ்வொரு பண்டமும் 'அமுது' என்னும் ஈறு பெற்று நிற்கும். மிளகும் கடுகும் சீரகமும் அப்பட்டியல்களில் வருகின்றன. நம் இல்லங்களில் இன்றும் வழங்கும் சாற்றமுது, கறியமுது, திருக்கண்ணமுது என்ற சொற்கள் அந்தக் கல்வெட்டு வழக்கின் நேர் வாரிசுகள். ஊரார் 'ரஸம்' என்பதை நாம் 'சாத்தமுது' என்பது வெறும் குலவழக்கு என்று பலர் எண்ணுகின்றனர். சாறு, அமுது என்ற இரண்டும் கூடிய சொல் அது; ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள கோயில் மொழியின் வார்ப்பு அதில் அப்படியே இருக்கிறது. இப்பட்டியல்களில் மிளகாய் இல்லை. இருக்கவும் இயலாது.

மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492இல் மிளகைத் தேடி மேற்கே கடலோடிய கொலம்பஸ், அங்கே கண்ட காரமான காய்க்கும் மிளகின் பெயரையே இட்டான். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தான். 1500இல் கப்ராலின் கப்பல்கள் ஏப்ரலில் பிரேஸில் கரையைத் தொட்டு, அதே ஆண்டு செப்டம்பரில் கோழிக்கோட்டுக்கு வந்தன. 1510இல் கோவா போர்த்துகீசியர் வசமாயிற்று. இவ்வாறு திறந்த கடல்வழியில்தான் மிளகாய் நம் நாட்டுக்கு வந்து சேர்ந்தது. மிளகை வாங்க வந்தவர்களே மிளகின் இடத்தைப் பறிக்கும் பொருளையும் கொண்டு வந்தனர் என்பது வரலாற்றின் விந்தை.

வந்த பொருளுக்கு நம்மவர் புதுப்பெயர் தேடவில்லை. மிளகைப் போல் காரமுள்ள காய் என்பதால் 'மிளகாய்' என்றனர். கன்னடத்தார் 'மெணஸு' என்ற மிளகின் பெயரோடு காயைச் சேர்த்து 'மெணஸினகாயி' என்றனர். வடநாட்டார் மரீசத்தின் திரிபான 'மிர்ச்' என்பதையே அதற்கும் வைத்தனர். மலையாள நாட்டில் நேர்ந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. அங்கே முதலில் 'கப்பல் முளகு' என்ற வழக்கு இருந்தது. நாளடைவில் 'முளகு' என்றாலே மிளகாய் என்றாகி, சொந்த மண்ணின் மிளகு 'குருமுளகு', 'நல்லமுளகு' என்று அடைமொழி பெற வேண்டியதாயிற்று. விருந்தாளி வீட்டுக்காரனின் பெயரை எடுத்துக்கொள்ள, வீட்டுக்காரன் தன்னை வேறு பெயரால் அறிவித்துக்கொள்ளும் நிலை. தமிழில் மிளகு தன் பெயரை இழக்கவில்லை. ஆனால் அன்றாடச் சமையலில் தன் இடத்தை இழந்தது. புளியோதரை, குழம்பு, கறியமுது எல்லாவற்றிலும் நம் இல்லங்களில் இன்று காரம் என்றால் மிளகாய்க் காரமே. மிளகு முன்போல் ஆளும் இடங்கள் இரண்டு: ஒன்று ச்ராத்தத் தளிகை, மற்றொன்று பெருமாள் மடைப்பள்ளி. பெருமாள் கோயில் காஞ்சியில் வரதன் அமுது செய்தருளும் இட்டிலியில் மிளகும் சீரகமும் சுக்கும் உண்டு, மிளகாய் இல்லை.

இனி முந்திரி. இதுவும் பிரேஸில் நாட்டு மரம். இதுவும் போர்த்துகீசியரின் கப்பலில் வந்ததே. 16ஆம் நூற்றாண்டில் மேலைக் கடற்கரையில் வேரூன்றியது. மலையாளத்தில் இம்மரத்துக்கு 'பறங்கிமாவு' என்ற பெயர் உண்டு. வந்த வழியை அப்பெயரே சொல்கிறது. வடநாட்டார் சொல்லும் 'காஜு' பிரேஸிலின் பழங்குடியினர் மொழிச் சொல். தமிழில் இதற்கும் பழைய பெயர் ஒன்றே கிடைத்தது. 'முந்திரி', 'முந்திரிகை' என்பன முன்பு திராட்சையைக் குறித்தன. புதிய மரத்தின் பருப்பு அப்பெயரை எடுத்துக்கொள்ளவே, திராட்சை 'கொடிமுந்திரி' என்று அடைமொழியோடு நிற்க வேண்டியதாயிற்று. மலையாளத்தில் மிளகுக்கு நேர்ந்ததே தமிழில் திராட்சைக்கும் நேர்ந்தது.

ஆக, மிளகாயும் முந்திரியும் ஒரே கண்டத்தில் பிறந்து, ஒரே நூற்றாண்டில், ஒரே கடல்வழியில் வந்தவை. ஒன்று மடைப்பள்ளி வாசலில் நிற்கிறது; மற்றொன்று அக்காரவடிசிலின்மேல் அமர்ந்திருக்கிறது. ஆண்டாள் நாச்சியார் அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்தாள். அவளுடைய வாக்கை எம்பெருமானார் நிறைவேற்றி, அவள் திருவாயால் 'அண்ணன்' என்று அழைக்கப்பெற்றார். அவ்விருவர் காலத்திலும் இந்நாட்டில் முந்திரிப் பருப்பு இல்லை. 'அந்நியப் பொருளாதலால் விலக்கு' என்பது நியாயமானால் இரண்டும் விலக்கப்பட வேண்டும். ஆகவே அடியேன் சொல்லிவந்த காரணம் நிற்காது.

'மிளகாய் ராஜஸ ஆஹாரம், அதனால் விலக்கு' என்பாரும் உளர். கீதையின் 17ஆம் அத்யாயம் ராஜஸ ஆஹாரத்தைச் சொல்லுமிடத்தில் கடு ரஸத்தை முதலில் எடுக்கிறது என்பது உண்மையே. ஆனால் மிளகும் சுக்கும் திப்பிலியும் கடு ரஸமுள்ளவையே. ஆயுர்வேதம் இம்மூன்றையும் 'த்ரிகடு' என்றே அழைக்கிறது. புளிப்பும் உப்பும் அதே ச்லோகத்தில் உள்ளன. புளியோதரை கண்டருளும் பெருமாளுக்கு அவை விலக்காகவில்லை. ஆகவே அங்கே பேசப்படுவது அளவு மீறிய ரஸம் என்று கொள்வதே பொருந்தும். மிளகாயை மாத்திரம் பிரித்து விலக்குவதற்கு அந்த ச்லோகம் போதாது.

அப்படியானால் மடைப்பள்ளியின் நியதிதான் என்ன? இரண்டு திவ்யதேசங்கள் இதற்கு வழி காட்டுகின்றன. திருவரங்கத்தில் துலுக்க நாச்சியாருக்கு ரொட்டியும் வெண்ணெயும் ஸமர்ப்பிக்கும் வழக்கம் உண்டு. கோதுமை ரொட்டி தமிழ்நாட்டு மடைப்பள்ளிக்கு இயல்பான பண்டமன்று. நம்பெருமாளிடம் ஈடுபட்ட வடதேசத்துப் பெண்ணின் ஊர் உணவு என்பதால் அது இடம் பெற்றது. திருவிண்ணகரில் நேர்மாறு. அங்கே ஒப்பிலியப்பன் உப்பில்லாத தளிகையையே அமுது செய்தருளுகிறான். மார்க்கண்டேயரின் திருமகள் உப்பிட்டுச் சமைக்க அறியாத இளம்பெண் என்று தந்தை தயங்க, உப்பின்றியே ஏற்போம் என்று பெருமாள் இசைந்ததாக ஐதிஹ்யம். ஒரு தலத்தில் வெளியூர்ப் பண்டம் உள்ளே வந்தது. மற்றொரு தலத்தில் எல்லோருக்கும் பொதுவான உப்பே வெளியே நின்றது. இரண்டிலும் காரணம் பொருளின் பிறப்பிடமன்று. ஒரு பெண்பிள்ளையின் ஸம்பந்தம்.

திருமலையிலும் பண்டங்கள் மாறியே வந்திருக்கின்றன. விஜயநகர காலக் கல்வெட்டுகளில் அப்பப்படி, அதிரசப்படி, மனோஹரப்படி, சுகியன்படி என்று வருகின்றன. இன்று உலகம் அறிந்த லட்டு 1715ஆம் ஆண்டில் வழக்கத்துக்கு வந்தது என்பது தேவஸ்தானத்தார் கூறும் கணக்கு. அதிலும் முந்திரி உண்டு.

நம்மாழ்வார் ஆறாம் பத்து ஏழாம் திருவாய்மொழியின் தொடக்கத்தில் சோறும் நீரும் வெற்றிலையும் ஆகிய எல்லாம் தமக்குக் கண்ணனே என்று அருளிச்செய்தார். அம்மூன்றையும் பூர்வாசார்யர்கள் முறையே தாரகம், போஷகம், போக்யம் என்று நிர்வஹித்தனர்: உயிரைத் தாங்குவது, வளர்ப்பது, இன்பம் தருவது. அந்த நிர்வாஹத்தைத் தளிகைக்கும் பொருத்திப் பார்க்கலாம் என்று அடியேனுக்குத் தோன்றுகிறது. தாரகமான அரிசியும், போஷகமான நெய்யும் பருப்பும் தயிரும் கல்வெட்டுக் காலம் முதல் மாறவில்லை. போக்யமாக மேலே சேர்பவை காலந்தோறும் வந்திருக்கின்றன. முந்திரி அவ்வாறு வந்து சேர்ந்தது. அது வந்ததால் அக்காரவடிசிலில் பாலோ, நெய்யோ, வெல்லமோ வெளியேறவில்லை. மிளகாய் அப்படிப்பட்டதன்று. அது வந்த இல்லங்களில் மிளகு வெளியேறிற்று. இருந்ததை வெளியேற்றாத புதுமைக்கு மடைப்பள்ளி இடம் கொடுத்தது. வெளியேற்றக்கூடியதைத் தடுத்து நிறுத்தியது. இது எந்த ஸம்ஹிதையிலும் எழுதி வைத்த விதியன்று; பரம்பரையாகத் தளிகை செய்தவர்களின் கைவழக்கு.

இதில் நமக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. விதி எழுத்தில் இல்லாதபோது, கை மாறினால் வழக்கும் மாறும். அடியேன் சேவித்த ஓரிடத்தில் அண்மையில் புளியோதரையில் மிளகாய் மணம் வீசிற்று. கேட்டதற்கு, 'ஸ்வாமி, எல்லாம் கலந்த பொடி கடையில் கிடைக்கிறது. சேவார்த்திகளுக்கும் அதுதான் பிடிக்கிறது' என்றார் பரிசாரகர். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஏன் கூடாது என்பதற்கு நாம் அவருக்குச் சொல்லி வைத்த காரணம் ஒரு சிறுவனின் கேள்விக்கே நிற்கவில்லையே! மூத்த பரிசாரகர்கள் இருக்கும்போதே, ஒரு தளிகைக்கு மிளகு எத்தனை, சீரகம் எத்தனை, எப்பொழுது இடுவது என்பதை அந்தந்த ஸ்தலத்தார் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சோழர் காலத்தவர் அதைக் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். நமக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

வரும் கூடாரவல்லியில் அந்தப் பிள்ளைக்கு அடியேன் சொல்ல நினைத்திருக்கும் விடை இதுவே: 'குழந்தாய், இரண்டும் கடல் கடந்து வந்தவைதாம். ஒன்று இருந்தவரோடு சேர்ந்து உட்கார்ந்தது. மற்றொன்று இருந்தவரை எழுப்பிவிட்டு உட்காரப் பார்த்தது. பெருமாள் மடைப்பள்ளியில் எழுந்திருக்கச் சொல்லும் வழக்கம் இல்லை.' இதில் பிழை இருப்பின் பெரியோர் திருத்தியருள வேண்டுமென்று ப்ரார்த்திக்கிறேன்.