தேடுவிளக்கு ஆடியிலிருந்து ஹான்லே வரை

விண்ணிலிருந்து வரும் காமா கதிர் தரையைத் தொடுவதில்லை. வளிமண்டலத்தின் மேலடுக்கில் மோதி, எலக்ட்ரான்களும் பாசிட்ரான்களும் நிறைந்த துகள்மழையாகச் சிதறிவிடுகிறது. ஆயினும் அது ஒரு தடயத்தை விட்டுச்செல்கிறது. காற்றில் ஒளி செல்லும் வேகத்தை மிஞ்சி விரையும் அத்துகள்கள், ஒரு வினாடியின் நூறு கோடியில் சில பங்கே நீடிக்கும் நீலநிற ஒளியைச் சிந்துகின்றன. இதுவே செரன்கோவ் ஒளி. அண்டக்கதிர்களின் துகள்மழையில் இவ்வொளி தென்பட்டதை 1953இல் இங்கிலாந்தின் ஹார்வெலைச் சேர்ந்த கால்பிரெய்த், ஜெல்லி இருவரும் அறிவித்தனர். அவர்கள் கையாண்டது, குப்பைத்தொட்டி ஒன்றினுள் பொருத்திய சிறு ஆடியையும் ஒளிபெருக்கிக் குழாயையுமே.

இந்தியாவில் இத்தேடல் உதகமண்டலத்தில் தொடங்கியது. துடிவிண்மீன்கள் கண்டறியப்பட்ட செய்தி வெளிவந்த மறு ஆண்டே, 1969இல், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினர் இரண்டு தேடுவிளக்கு ஆடிகளை நீலகிரியின் வானை நோக்கித் திருப்பினர். துடிவிண்மீனைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. காமா கதிர் ஒன்று வந்தால், அதே போன்ற ஒளியை எழுப்பும் அண்டக்கதிர்கள் ஆயிரக்கணக்கில் வருகின்றன. இரண்டையும் பிரித்தறியும் வழி அன்று இல்லை. சீரான கால இடைவெளியில் துடிக்கும் ஒரு மூலமாயின், அந்தத் தாளத்தையே அடையாளமாகக் கொள்ளலாம்.

ஐயத்துக்கு இடமற்ற முதல் சான்று கிடைக்க 20 ஆண்டுகள் ஆயின. 1989இல் அமெரிக்காவின் அரிசோனாவில் இருந்த 10 மீட்டர் விப்பிள் தொலைநோக்கி, ஒளித்தெறிப்பின் வடிவத்தைப் படமாக்கி, காமா கதிரை ஏனையவற்றிலிருந்து பிரித்து, நண்டு நெபுலாவை உறுதிசெய்தது. அதுவரை இத்துறையில் உழைத்தோர் அனைவரும், தாம் தேடுவது கிடைக்குமா என்னும் உறுதியின்றியே இரவுகளைக் கழித்தவர்கள்.

உதகைக் கருவிகள் 1986இல் மத்தியப் பிரதேசத்தின் பச்மரிக்கு இடம்பெயர்ந்தன. அங்கே பின்னர் 25 தொலைநோக்கிகள் கொண்ட அணி ஒன்று எழுந்தது. ஒவ்வொன்றிலும் 0.9 மீட்டர் விட்டமுள்ள ஏழு ஆடிகள்; ஆக, 175 ஆடிகள். ஒளி ஒவ்வொரு தொலைநோக்கியையும் எட்டும் நேர வேறுபாட்டை அளந்து, கதிர் வந்த திசையை அது கணித்தது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தினரோ ராஜஸ்தானின் அபு மலையில் டாக்டிக் என்னும் படமெடுக்கும் தொலைநோக்கியை நிறுவினர். 1997இல் மார்க்கரியன் 501 என்னும் தொலைதூர விண்மீன்மண்டலம் கொந்தளித்தபோது அது அக்கதிர்களைப் பதிவுசெய்தது.

ஆற்றல் குறைந்த காமா கதிர் எழுப்பும் ஒளி மங்கலானது. அதைப் பிடிக்க இரு வழிகள் உண்டு: ஆடியைப் பெரிதாக்கலாம்; அல்லது ஒளி பரந்து நீர்த்துப்போகுமுன், காற்று அதை விழுங்குமுன், மேலேறிச் சென்று ஏந்தலாம். இரண்டாம் வழி லடாக்கின் ஹான்லேவுக்கு இட்டுச்சென்றது. இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் அங்கே முன்பே இயங்கிவந்தது. ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரத்தில், பச்மரியில் இருந்தவற்றை ஒத்த ஏழு தொலைநோக்கிகளைக் கொண்ட ஹாகர் அணி 2008இல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. ஆடிகள் 49 மட்டுமே. ஆயினும், பச்மரியின் 175 ஆடிகளால் எட்ட இயலாதிருந்த, ஏறத்தாழ 200 கிகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள கதிர்களை அவை எட்டின. ஆடியின் குறையை மலை ஈடுசெய்தது.

அதே இடத்தில் இன்று இரு வழிகளும் இணைந்துள்ளன. 21 மீட்டர் விட்டமும் 1,424 அலுமினிய ஆடித் துண்டுகளும் 1,088 ஒளிபெருக்கிக் குழாய்கள் கொண்ட ஒளிப்படக் கருவியும் உடைய மேஸ் தொலைநோக்கி, ஐதராபாத்தில் ஒருமுறை பொருத்திப் பார்க்கப்பட்டு, மீண்டும் பிரிக்கப்பட்டு, மலைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 2024 அக்டோபர் 4 அன்று அது முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டது.

ஆனால் ஆடியை வார்ப்பதுபோல் இருளை வார்க்க இயலாது. 2022இல் ஹான்லேப் பகுதி இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஊரார் தம் விளக்குகளை மறைத்தும் குறைத்தும் வாழ வேண்டிய ஏற்பாடு அது. வானியல் வழிகாட்டிகளாக அவர்களுக்குப் பயிற்சியும் தரப்பட்டது. இந்திய வானியலின் வரலாற்றை எழுதுவோர் ஆடிகளையும் நிறுவனங்களையும் வரிசைப்படுத்தும்போது, அந்த வீட்டு விளக்குகளையும் அப்பட்டியலில் சேர்த்தாக வேண்டும்.