சாதி நாயும் நாட்டு நாயும்

தில்லி கரோல் பாகில் வாழும் என் நண்பர் ஒருவர், சில மாதங்களுக்கு முன் தம் குழந்தைகளின் விருப்பத்திற்கிணங்கி ஒரு நாய்க்குட்டியை விலைக்கு வாங்கினார். ‘இது கலப்பில்லாத லாப்ரடார்’ என்று விற்றவர் உறுதி கூறினார்; விலையும் அவ்வுறுதிக்கு ஏற்ப உயர்ந்தே இருந்தது. குட்டி வளர்ந்தது. தொங்க வேண்டிய காதுகள் நிமிர்ந்தன. நேராக நீள வேண்டிய வால் முதுகின்மேல் வளைந்து நின்றது. மாலையில் அதனை உலாவ அழைத்துச் செல்லும்போது, அண்டை வீட்டார், “இது தெருநாய் அல்லவா?” என்று கேட்கத் தொடங்கினர். நண்பர் மனம் குன்றினார். குட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூட எண்ணினார். இறுதியில் என்னிடம் வந்து, “இது சாதி நாயா, கலப்பு நாயா என்று எப்படி அறிவது?” என்று வினவினார்.

எளிய வினாவாகத்தான் தோன்றுகிறது. ஆயினும் இதற்கு விடை காண வேண்டுமாயின், ‘சாதி நாய்’ என்னும் கருத்து எப்போது தோன்றியது, யாரால் தோன்றியது என்பதை முதலில் அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

நாயை மனிதன் பழக்கிய காலம் வரலாற்றுக்கு முற்பட்டது. அந்த நெடுங்காலம் முழுவதும் நாயை அதன் தொழிலைக் கொண்டே மனிதன் மதித்தான். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த அக்கல்லில், ஆநிரை மீட்கும் போரில் மாண்ட கருந்தேவகத்தி என்னும் வீரனோடு, கள்வர் இருவரைக் கடித்துத் தன் தலைவனுக்குத் துணை நின்ற நாயும் பொறிக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்பது அந்நாயின் பெயர். கன்னட நாட்டு ஆதகூரில் கி.பி. 949-50ஆம் ஆண்டைச் சேர்ந்த மற்றொரு கல், காட்டுப்பன்றியோடு பொருது உயிர் நீத்த காளி என்னும் வேட்டை நாயின் புகழைக் கூறுகிறது. போரில் வீரம் காட்டிய தலைவன் ஒருவன், ‘வேண்டியதைக் கேள்’ என்று அரசன் சொன்னபோது, பொன்னையும் பொருளையும் விடுத்து அந்த நாயையே கேட்டுப் பெற்றானாம். இவ்விரு கல்வெட்டுகளும் நாயின் பெயரைச் சொல்கின்றன, செயலைச் சொல்கின்றன. அதன் தந்தை யார், தாய் யார் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

முகலாயர் காலத்திலும் நிலைமை ஏறக்குறைய இதுவே. அக்பர் நாய்களைப் பெரிதும் விரும்பினார் என்றும், பல நாடுகளிலிருந்து அவற்றை வரவழைத்தார் என்றும், காபூல் பகுதி நாய்கள், சிறப்பாக ஹசாரா நாட்டு நாய்கள், உயர்ந்தவையாகக் கருதப்பட்டன என்றும் அயினி அக்பரி என்னும் நூலில் அபுல் பசல் எழுதியிருக்கிறார். குதிரையை அரபுக் குதிரை என்பதுபோல், நாயையும் அது வந்த நாட்டின் பெயரால் அழைத்தனர். வேகமும் துணிவும் உடைய நாயோடு அத்தகைய மற்றொன்றைச் சேர்த்தனர். இரு நாட்டு நாய்கள் கலந்து பிறந்த குட்டியை எவரும் இழிவாகக் கருதவில்லை.

அப்படியாயின் ‘கலப்பற்ற சாதி’ என்னும் எண்ணம் எங்கே பிறந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிறந்தது. 1859ஆம் ஆண்டு நியூகாசில் நகரில் ஒரு நாய்க் கண்காட்சி நடைபெற்றது. அங்குச் சுமார் 60 வேட்டை நாய்கள் காட்சிக்கு வந்தன. பிற நகரங்களும் இதனைப் பின்பற்றின. பரிசு வழங்க வேண்டுமாயின் அழகுக்கு இலக்கணம் வேண்டும். போட்டியில் வஞ்சனை நிகழாதிருக்கப் பதிவேடு வேண்டும். இவற்றுக்காகவே 1873இல் லண்டனில் கென்னல் கிளப் என்னும் சங்கம் நிறுவப்பட்டது. பதிவேட்டில் பெயருள்ள தந்தைக்கும் தாய்க்கும் பிறந்த குட்டியே அவ்வினத்தைச் சேர்ந்தது என்பது விதியாயிற்று. ஆங்கிலேயர் ஆட்சியின் வழியாக இவ்வழக்கம் நம் நாட்டிற்கும் வந்தது. இந்தியக் கென்னல் கிளப் தன் தொடக்கத்தை 1896ஆம் ஆண்டினதாகக் கூறுகிறது. அதன் தலைமையகம் இன்று சென்னையில் உள்ளது.

இங்கே ஓர் உண்மையை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். எந்தப் பதிவேட்டிற்கும் முதல் பக்கம் ஒன்று உண்டு. ஜெர்மன் ஷெப்பர்டு இனத்தை எடுத்துக்கொள்வோம். 1899இல் மாக்ஸ் வான் ஸ்டெஃபானிட்ஸ் என்னும் படைத்தலைவர் ஹோராண்ட் என்ற மேய்ச்சல் நாயை வாங்கி, அதற்கு முதல் எண் கொடுத்துப் பதிவு செய்தார். அதற்கு முந்திய நாள் வரையில் அது ஆடு மேய்க்கும் நாய்களுள் ஒன்று. அன்று முதல் அது ஓர் இனத்தின் மூலபுருஷன்! என் நண்பர் விரும்பிய லாப்ரடாரின் கதையும் இத்தகையதே. வட அமெரிக்காவின் நியூபவுண்ட்லாந்துத் தீவில் மீனவர்களுக்கு வலை இழுக்க உதவிய பலவகைக் கலப்பு நாய்களே அதன் முன்னோர். பிரிட்டிஷ் பிரபுக்கள் அவற்றைத் தம் நாட்டிற்குக் கொண்டுவந்து வளர்த்தனர். 1903இல்தான் கென்னல் கிளப் அதனைத் தனி இனமாக ஏற்றது.

தில்லிக்குக் கிழக்கேயுள்ள ராம்பூரின் வேட்டை நாயும், அந்நாட்டு நவாபுகள் ஆப்கானிய தாஜி நாயையும் ஆங்கில கிரேஹவுண்டையும் சேர்த்து உண்டாக்கியதே என்று சொல்லப்படுகிறது. ஆகவே, இன்று கலப்பற்றது எனப் போற்றப்படும் நாய் நேற்றைய கலப்பு நாயின் பேரனே. இடையில் நிகழ்ந்தது ஒன்றுதான்: எவரோ ஒருவர் பேரேடு ஒன்றைத் திறந்து எழுதத் தொடங்கினார்.

இனி நண்பரின் வினாவிற்கு வருவோம். கண்ணால் பார்த்து இனத்தைக் கண்டறிய இயலுமா? வளர்ந்த நாயில் ஓரளவு இயலும், குட்டியில் அரிது. டால்மேஷியன் குட்டி பிறக்கும்போது புள்ளி ஏதுமின்றி வெள்ளையாக இருக்கிறது. ஜெர்மன் ஷெப்பர்டு குட்டியின் காதுகள் சில மாதங்கள் தொங்கியே இருந்து பின்பே நிமிர்கின்றன. நம் வீடுகளில் நெடுங்காலம் ‘பொமரேனியன்’ என்று அழைக்கப்பட்ட வெள்ளை நாய்களுட் பெரும்பாலானவை உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ் என்னும் வேறு வகையைச் சேர்ந்தவை. ஒரு தலைமுறை முழுவதும் பெயரைத் தவறாகச் சொன்னது. நாய்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை!

தோற்றம் நம்மை ஏமாற்றுவதற்குக் காரணமும் உண்டு. நாயின் உருவத்திலுள்ள பெரும் வேறுபாடுகளுட் பல, மிகச் சில மரபணுக்களால் விளைபவை. டாக்ஸண்டு நாயின் குட்டைக் கால்களுக்குக் காரணம் ஒரே மரபணு மாற்றம் என்று 2009இல் ஆராய்ச்சியாளர் கண்டனர். அமெரிக்காவில் பார் ஹார்பர் என்னும் ஊரில் ஸ்காட், புல்லர் என்ற இரு அறிஞர்கள் பல்லாண்டுகள் நாய்களை வளர்த்து ஆராய்ந்து, தம் முடிவுகளை 1965இல் நூலாக வெளியிட்டனர். ஆப்பிரிக்க பசெஞ்சி நாயையும் காக்கர் ஸ்பேனியலையும் சேர்த்து அவர்கள் பெற்ற சந்ததியில், இரு முன்னோரையும் ஒவ்வாத உருவங்கள் பல தோன்றின. அவற்றின் பிறப்பை அறியாதவர் ஒருவர் அவற்றைப் பார்த்துப் பெற்றோரை ஊகித்தால் பிழைபடுவது திண்ணம்.

அடுத்தது பத்திரம். தில்லியில் குட்டி விற்போர் பலர், ‘காகிதம் உண்டு’, ‘காகிதம் இல்லை’ என்று இரு விலை கூறுவதைக் கேட்கலாம். காகிதம் என்பது வமிசாவளிச் சான்று. அது மெய்யான சான்றாயின், குட்டியின் பெற்றோர், பாட்டன் பாட்டியர் பெயர்களும் பதிவு எண்களும் அதில் இருக்கும். குட்டியின் தோலடியில் அரிசி மணியளவான மின்னணுச் சில்லு ஒன்றைச் செலுத்தி, அதன் 15 இலக்க எண்ணைச் சான்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முறையும் இப்போது உண்டு. எண் பொருந்தாவிடில், அக்காகிதம் வேறு ஏதோ ஒரு நாய்க்கு உரியது. 2017ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி, நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்போர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்றலாகாது. எனவே குட்டி வாங்குவோர் பதிவைக் கேட்க வேண்டும். தாயையும் அது வாழும் இடத்தையும் நேரிற்காண வேண்டும். தந்தையைப் பற்றி விற்பவரின் சொல் ஒன்றே போதாது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு வெவ்வேறு தந்தையர் அமைதலும் நாயினத்தில் இயல்பே.

மூன்றாவது வழி மரபணுச் சோதனை. 2004இல் அமெரிக்க அறிஞர் குழு ஒன்று 85 இனங்களைச் சேர்ந்த 414 நாய்களை ஆராய்ந்து, நூற்றுக்கு 99 நாய்களின் இனத்தை மரபணுவைக் கொண்டே சரியாகச் சொல்லலாம் எனக் காட்டியது. வியப்புக்குரிய முன்னேற்றமே. ஆயினும் அச்சோதனை தன் பட்டியலில் உள்ள இனங்களோடுதான் எந்த நாயையும் ஒப்பிட முடியும். மேனாட்டு இனங்களே நிறைந்த பட்டியலில் நம் சிப்பிப்பாறை நாயையோ தில்லித் தெருவின் நாயையோ வைத்து வினவினால், அயலார் பெயர்களையே அது விடையாகத் தரக்கூடும்.

தெருநாயைப் பற்றிய நம் எண்ணத்தையும் இங்கே திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. பல சாதி நாய்கள் கலந்து கெட்டதன் விளைவே தெருநாய் என்று நம்மிற் பலர் கருதுகிறோம். உண்மை இதற்கு நேர்மாறானது. 2015இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, 38 நாடுகளின் 549 ஊர் நாய்களைப் பதிவு பெற்ற இன நாய்களோடு ஒப்பிட்டது. இந்தியா, வியட்நாம், எகிப்து ஆகிய நாடுகளின் ஊர் நாய்களில் ஐரோப்பியக் கலப்பு மிகக் குறைவு என்பது அதில் தெரியவந்தது. மேனாட்டு இனங்களுக்குப் பதிவேடு தோன்றுவதற்கு மிக முன்பிருந்தே இம்மண்ணில் தொடர்ந்து வாழ்ந்துவரும் பழங்குடி நாய் அது. பெருநகரங்களில் வளர்ப்பு நாய்களின் கலப்பு அங்கங்கே நேர்ந்திருக்கலாம். ஆயினும் அடிமரம் இந்நாட்டினதே.

இதற்கு ஆங்கிலேயர் இட்ட பெயரையும் மறக்கலாகாது. தமிழ்நாட்டில் பறையோடு தொடர்புடைய ஒரு சமூகத்தின் பெயரை எடுத்து, ஒதுக்கப்பட்டோர் என்னும் பொருளில் தம் மொழியில் வழங்கி, அதனையே இந்த நாய்க்கும் சூட்டினர். மனிதரிடையே நாம் கற்பித்த உயர்வு தாழ்வு, அயலார் நாவில் ஏறி, நாய் மீதும் சுமத்தப்பட்டது. மனிதரை இழிவுபடுத்திய அச்சொல்லை விடுத்து, ‘இந்திய நாட்டு நாய்’ என்று வழங்குவதே இன்று முறையாகும்.

கலப்பு இழிவு என்னும் எண்ணம் நாய்களுக்கே தீங்கு விளைத்ததும் உண்டு. டால்மேஷியன் இனம் முழுவதிலும் சிறுநீர்க் கல்லுக்கு வழிசெய்யும் குறை ஒன்று பரவியிருந்தது. 1973இல் ராபர்ட் ஷைபிள் என்னும் மரபியலறிஞர், பாயிண்டர் இன நாய் ஒன்றோடு ஒரே ஒருமுறை கலப்புச் செய்து, அதன் சந்ததியில் அக்குறையை நீக்கினார். புள்ளிகள் நிலைத்தன, நோய் நீங்கியது. எனினும் அச்சந்ததியை அமெரிக்கப் பதிவேடு நிலையாக ஏற்றுக்கொள்ள 2011ஆம் ஆண்டு வரை ஆயிற்று.

அதற்காகப் பதிவேடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை முதலிய நம் நாய்கள் அருகிப்போனதற்கு, அவற்றை முறையாக எழுதி வைத்துப் பேணாமையும் ஒரு காரணம். 2005இல் நம் அஞ்சல் துறை இமாலய மேய்ச்சல் நாய், ராம்பூர், முதோல், ராஜபாளையம் ஆகிய நான்கிற்கும் தபால் தலை வெளியிட்டது. தில்லிக்கு வடக்கே கர்னாலிலுள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் இனங்களைப் பதிவு செய்தது. 2025இல் இமாசலத்துக் கத்தி நாயும் அவ்வரிசையில் சேர்ந்தது. அழியும் ஒன்றைக் காப்பதற்குப் பதிவேடு நல்ல கருவி. உயிரின் மதிப்பை அளக்க அது கருவியன்று.

சட்டமும் இச்சிக்கலில் இடறியதுண்டு. தில்லி உயர்நீதிமன்றத்தில் நடந்த வழக்கொன்றையொட்டி, 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 நாய் இனங்களையும் அவற்றின் கலப்புகளையும் தடுக்குமாறு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ஒரு நாய் எதன் கலப்பு என்பதை யார், எப்படி முடிவு செய்வது என்ற வினா உடனே எழுந்தது. அடுத்த மாதமே கர்நாடக உயர்நீதிமன்றம் அச்சுற்றறிக்கையை ரத்து செய்தது.

இவற்றையெல்லாம் நண்பரிடம் எடுத்துரைத்தேன். அவர் சிறிது நேரம் மௌனமாயிருந்தார். “அப்படியானால் நான் ஏமாந்ததாகத்தானே பொருள்?” என்றார். “ஆம், விலையில் ஏமாந்தீர்கள். அதற்காக விற்றவரைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் நாய் உங்களை ஏமாற்றவில்லையே!” என்றேன்.

அப்போது அவருடைய சிறிய மகள் உள்ளேயிருந்து பெயர் சொல்லி அழைத்தாள். நிமிர்ந்த காதுகளை மேலும் நிமிர்த்திக்கொண்டு அந்நாய் எழுந்து ஓடியது. ஏறக்குறைய ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் எடுத்தனூரில் கல்லெடுத்தவர்கள் நாயைப் பற்றி எழுதத்தக்கவை என்று கருதியவை இரண்டே: அதன் பெயர், அதன் துணை. நண்பரின் வீட்டில் அவ்விரண்டும் இருந்தன. குட்டியைத் திருப்பிக் கொடுக்கும் பேச்சு அதன்பின் எழவில்லை.