எழுத்துப் பிழை திருத்தப்பட்டது

2005-ம் வருடம், மே மாதம் 29-ம் தேதி. ஆங்கில விக்கிபீடியாவில் ஒரு தன்னார்வலர் ஒரு கட்டுரையைத் திறக்கிறார். கட்டுரை என்றுகூடச் சொல்ல முடியாது. சில வரிகள்தான். ஜான் சீகன்தாலர் என்கிற அமெரிக்கப் பத்திரிகையாளரைப் பற்றியது. அதில், 'எர்லி' என்ற ஆங்கில வார்த்தைக்கு ஸ்பெல்லிங் தப்பு. வந்தவர் அதைத் திருத்துகிறார். போய்விடுகிறார்.

நல்ல காரியம்தானே? சந்தேகமே இல்லை. ஆனால், அந்த வார்த்தைக்கு அடுத்த வாக்கியம் என்ன சொன்னது தெரியுமா?

ஜான் கென்னடி, ராபர்ட் கென்னடி - இரண்டு பேர் கொலையிலும் இந்த சீகன்தாலருக்கு நேரடித் தொடர்பு இருந்ததாகக் கொஞ்ச காலம் சந்தேகிக்கப்பட்டது என்றது. எதுவும் நிரூபிக்கப்படவில்லை என்று ஒரு பின்குறிப்பு வேறு.

அப்பட்டமான பொய். ஸ்பெல்லிங் திருத்தியவர் அதைத் தொடவே இல்லை.

சரி, யார் இந்த சீகன்தாலர்? 1960-களின் தொடக்கத்தில் ராபர்ட் கென்னடி அமெரிக்காவின் அட்டர்னி ஜெனரலாக இருந்தபோது அவருக்கு உதவியாளர். 1961-ல் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பஸ்ஸில் கிளம்பிய 'ஃப்ரீடம் ரைடர்ஸ்' இளைஞர்களை மான்ட்கோமரியில் ஒரு கும்பல் தாக்கியது. கென்னடியின் பிரதிநிதியாக அங்கே போயிருந்த இவரையும் அடித்து மயக்கம் போட வைத்தார்கள். பிறகு, 'யு.எஸ்.ஏ. டுடே' நாளிதழ் தொடங்கியபோது அதன் தலையங்கப் பகுதிக்கு முதல் இயக்குநர். எல்லாவற்றுக்கும் மேல், 1968-ல் ராபர்ட் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டபோது சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் இவரும் ஒருவர்.

சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவரைக் கொலையாளி என்று சந்தேகப்பட்டார்களாம். அதுவும் 78 வயதில் படிக்க வேண்டியிருக்கிறது. கிட்டத்தட்ட நான்கு மாதம் அந்த வரிகள் அங்கேயே இருந்தன. விக்கிபீடியாவிலிருந்து காப்பியடித்துப் போடும் வேறு இரண்டு தளங்களிலும் இருந்தன.

கொதித்துப்போன சீகன்தாலர் 2005 நவம்பர் 29-ம் தேதி, தான் வேலை பார்த்த அதே யு.எஸ்.ஏ. டுடே-யில் ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்காவே திரும்பிப் பார்த்தது. சில நாளில் ஆளும் சிக்கினார். நாஷ்வில் நகரில் ஒரு டெலிவரி கம்பெனி மேனேஜர். கூட வேலை செய்பவரிடம் விளையாடுவதற்காக எழுதினாராம். விஷயம் வெளியே வந்ததும் வேலையை விட்டார், மன்னிப்புக் கேட்டார். சீகன்தாலர் வழக்குப் போடவில்லை. அந்த ஆளைத் திரும்ப வேலையில் சேர்த்துக்கொள்ளும்படி அவருடைய முதலாளியிடம் சொன்னார். பெரிய மனுஷன்!

விளையாடியவரை விடுங்கள். ஸ்பெல்லிங் திருத்தியவரைப் பற்றி யோசித்துப் பாருங்கள்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஆடிட்டர் கணக்குப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் இரண்டு வேலை உண்டு. கூட்டல் சரியா என்று பார்ப்பது ஒன்று. ஒவ்வொரு என்ட்ரிக்கும் 'வவுச்சர் எங்கே?' என்று கேட்பது இன்னொன்று. கூட்டல் அப்பழுக்கில்லாமல் இருக்கும் கணக்கில்தான் கோடிகள் காணாமல் போயிருக்கும். அன்றைக்கு நடந்தது அதுதான். கூட்டலைப் பார்த்தவர் வவுச்சர் கேட்கவில்லை. போதாக்குறைக்கு, தப்பும் தவறுமாக இருந்த ஒரு பொய், ஸ்பெல்லிங் சரியானதும் பார்க்கக் கொஞ்சம் கௌரவமாகிவிட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

விக்கிபீடியாவுக்கு ஓர் அண்ணன் இருந்தது. பெயர் நுபீடியா. 2000-ம் வருடம் மார்ச்சில் ஜிம்மி வேல்ஸ் தொடங்கியது. ஆசிரியர் லாரி சாங்கர். துறை வல்லுநர்கள் எழுத வேண்டும், ஏழு கட்டமாகப் பரிசோதிக்க வேண்டும், அப்புறம்தான் பிரசுரம். கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? 2003-ல் இழுத்து மூடும்போது முழுசாகத் தேறிய கட்டுரைகள் இரண்டு டஜனை ஒட்டித்தான் இருந்தன.

அதனால் 2001 ஜனவரி 15-ம் தேதி கதவைத் திறந்துவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். 'விக்கி' என்றால் ஹவாய் மொழியில் சீக்கிரம் என்று அர்த்தம். பெயருக்கேற்ற வேகம். கட்டுரைகள் வெள்ளமாக வந்தன. வெள்ளம் என்றால் நல்ல தண்ணீர் மட்டுமா வரும்?

'சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும்' என்ற விதி 2003-லேயே எழுதப்பட்டுவிட்டது. ஆனால், விதி ஏட்டில் இருந்தது. கட்டுரைகள் பாட்டுக்கு வளர்ந்தன. ஆதாரமில்லாத வரிக்குப் பக்கத்தில் 'சான்று தேவை' என்று குறி போடும் வழக்கமே 2005-ல்தான் வந்தது. அந்த வருடக் கடைசியில் சீகன்தாலர் விவகாரம் வெடித்ததும் எல்லோருக்கும் உறைத்தது. பதிவு செய்யாதவர்கள் ஆங்கில விக்கிபீடியாவில் புதிய கட்டுரை தொடங்க முடியாது என்று டிசம்பரில் தடை போட்டார்கள். உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுதத் தனி விதிமுறை வகுத்தார்கள். வரிக்கு வரி அடிக்குறிப்பு போடும் வசதியும் அதே டிசம்பரில்தான் வந்தது. வாக்கியத்தின் கடைசியில் குட்டியாக நீல நிறத்தில் ஓர் எண் இருக்குமே, அதுதான்.

வேடிக்கை என்னவென்றால், அதே மாதம் 'நேச்சர்' அறிவியல் இதழ் ஓர் ஒப்பீடு வெளியிட்டது. அறிவியல் தலைப்புகளில் 42 கட்டுரைகள். விக்கிபீடியாவில் 162 தப்பு. பரம்பரைப் பெருமைமிக்க என்சைக்ளோபீடியா பிரிட்டானிகாவில் 123. மோசமான தப்பு என்று பார்த்தால் இரண்டிலும் தலா நான்கு. பிரிட்டானிகா இந்த ஆய்வே தப்பு என்று சண்டைக்குப் போனது தனிக்கதை.

சரி, இந்தத் திருத்தும் வேலையை யார் செய்கிறார்கள்? உங்களையும் என்னையும் போன்றவர்கள்தான். ஆபீஸ் முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு உட்காருகிறவர்கள்.

கலிபோர்னியாவில் ஒரு சாஃப்ட்வேர் எஞ்சினியர் இருக்கிறார். 'கம்ப்ரைஸ்டு ஆஃப்' என்ற ஆங்கிலப் பிரயோகம் தப்பு என்பது அவர் கட்சி. விக்கிபீடியாவில் அது எங்கே கண்ணில் பட்டாலும் தூக்கிவிடுவார். 2015-ல் பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதியபோது ஏறக்குறைய 47,000 திருத்தங்களை முடித்திருந்தார். ஒரே ஒரு பிரயோகத்துக்காக! 'கில்ட் ஆஃப் காப்பி எடிட்டர்ஸ்' என்றே ஒரு குழு உண்டு. தேங்கிக் கிடக்கும் கட்டுரைகளை ஒரு மாத இலக்கு வைத்துத் திருத்தித் தள்ளுவார்கள். பரிசு? பெயருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ள ஒரு நட்சத்திரப் படம்.

சான்று தேடுகிறவர்கள் பாடு இன்னும் கஷ்டம். புத்தகத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். பக்கத்தைப் புரட்ட வேண்டும். கட்டுரை சொல்வதை நிஜமாகவே அந்தப் பக்கம் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். இணையச் சுட்டி என்றால் செத்துப்போயிருக்கும். இன்டர்நெட் ஆர்க்கைவ் இயக்கிய ஒரு புரோகிராம், தன்னார்வலர்களின் உதவியோடு, 2018-க்குள் 90 லட்சத்துக்கும் மேற்பட்ட செத்த சுட்டிகளுக்கு உயிர் கொடுத்தது. எவ்வளவு குப்பை சேர்ந்திருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் சரி. வவுச்சரே போலியாக இருந்தால்?

2009 பிப்ரவரி. ஜெர்மனியின் புதிய பொருளாதார அமைச்சராகிறார் கார்ல்-தியோடர் ஸு குட்டன்பெர்க். பிரபு வம்சம். பெயரே ரயில் மாதிரி நீளும். மொத்தம் பத்துப் பெயர்கள். ஒரு குறும்பர் ஜெர்மன் விக்கிபீடியாவில் 'வில்ஹெல்ம்' என்று பதினொன்றாவதை நடுவில் செருகிவிட்டார். மறுநாள் பத்திரிகைகள் அப்படியே காப்பியடித்தன. 'பில்ட்' முதல் பக்கத்திலேயே போட்டது. இதற்கிடையில் விக்கிபீடியாவில் யாரோ சந்தேகப்பட்டு, சான்று கேட்டார்கள். சான்று வந்தது. எது? 'ஸ்பீகல்' பத்திரிகையின் இணையதளம்! அதற்கு அந்தப் பெயர் எங்கிருந்து கிடைத்தது? விக்கிபீடியாவிலிருந்து. பாம்பு தன் வாலையே கடித்துக்கொண்டது.

ஆக, நீல எண் இருந்தால் மட்டும் போதாது. அதன் பின்னால் இருப்பவருக்கு எங்கிருந்து தெரியும் என்றும் கேட்க வேண்டும்.

கதை இத்தோடு முடியவில்லை. அதே குட்டன்பெர்க் பாதுகாப்பு அமைச்சரானார். வருங்காலப் பிரதமர் என்றே பேசினார்கள். 2011 பிப்ரவரியில் அவருடைய டாக்டர் பட்ட ஆய்வேட்டில் பிறர் எழுத்தை மேற்கோள் காட்டாமல் எடுத்திருக்கிறார் என்று புகார் கிளம்பியது. இணையத்தில் சிலர் சேர்ந்து ஒரு விக்கி தொடங்கினார்கள். தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் எல்லோரும் ஆளுக்குச் சில பக்கமாக எடுத்துக்கொண்டு, வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். விக்கிபீடியாவில் செய்யும் அதே வேலை. கடைசிக் கணக்கு: 393 பக்கத்தில் 371 பக்கங்களில் திருட்டு. பல்கலைக்கழகம் பட்டத்தைத் திரும்பப் பெற்றது. மார்ச் 1-ம் தேதி அமைச்சர் ராஜினாமா செய்தார். எதிர்க்கட்சி போராட்டத்தால் மட்டும் நடந்துவிடவில்லை இது. 'இந்த வரி யாருடையது?' என்று சம்பளமில்லாமல் கேட்ட கூட்டம் ஒன்று பின்னால் இருந்தது.

இன்றைக்கு இந்தக் கேள்விக்கு மவுசு கூடியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு ஒரு நொடியில் கட்டுரை எழுதித் தருகிறது. ஓர் எழுத்துப் பிழை இருக்காது. கூடவே, எழுதப்படாத புத்தகத்துக்குப் பக்க எண்ணும் கொடுக்கும். அப்படி இல்லாத நூல்களைச் சான்றாக அடுக்கும் கட்டுரைகளை விவாதமே இல்லாமல் உடனடியாக நீக்கலாம் என்று 2025-ல் ஆங்கில விக்கிபீடியா விதி கொண்டுவந்தது. கூட்டல் பார்க்கும் வேலையை மெஷின் எடுத்துக்கொண்டுவிட்டது. வவுச்சர் பார்க்க இன்னமும் மனுஷன்தான் வேண்டியிருக்கிறது.

அடுத்த முறை விக்கிபீடியாவில் எதையாவது படித்து ஆச்சரியப்பட்டால், வாக்கியத்தின் கடைசியில் இருக்கும் அந்தக் குட்டி எண்ணை ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். எண் இல்லையா? இருந்தும் அந்தப் பக்கத்தில் வேறு ஏதோ எழுதியிருக்கிறதா? திருத்தும் பட்டன் பக்கத்திலேயே இருக்கிறது.

சம்பளம்தான் கிடையாது.